பட்டு எடுப்பவரும் கட்டு சுமப்பவரும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. எழுத்தில் வரும்போது சில இடங்களை மட்டும் சரிசெய்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் என்னை அறிமுகப்படுத்தும்போது நீதித்துறையில் 31 வருட அனுபவம் உள்ளவர் என்றார். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின்வரிசையில் இரண்டு வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சிரித்ததைப் பார்த்துவிட்டேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் குமாஸ்தா. வக்காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டியவன், வாய்தா தேதியை டைரியில் குறித்தவன், கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலுக்குப் பின்னால் ஓடியவன். பழக்க தோஷம், இன்றைக்குப் பேச வேண்டிய குறிப்புகளைக்கூட நாடா போட்டுக் கட்டித்தான் கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேஜைமேல் இருக்கிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது இங்கிலாந்து பாரிஸ்டர்களைப் பற்றிய டிவி தொடர்களைப் பற்றி. அதற்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். மூட்டுவலிதான் சம்பந்தம். இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தேன். பேத்தி ஒரு தொடரைப் போட்டுவிட்டு, "தாத்தா, உங்க கோர்ட்டுக் கதைதான், பாருங்க" என்றாள். பெயர் 'சில்க்'. நான் ஜவுளிக்கடைக் கதை என்று நினைத்தேன். நம் வீடுகளில் பட்டு எடுக்கப் போகிறோம் என்றால் கல்யாணம் முடிவாகிவிட்டது, காஞ்சிபுரத்துக்கு வண்டி பேசியாயிற்று என்று அர்த்தம். லண்டனிலும் வக்கீல்கள் பட்டு எடுக்கிறார்கள். அப்படியேதான் சொல்கிறார்கள், பட்டு எடுப்பது என்று. ஆனால் அந்தப் பட்டைக் கடையில் வாங்க முடியாது.

அங்கே வக்கீல் தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கட்சிக்காரர் முதலில் போவது சொலிசிட்டரிடம். பெரிய கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டர். சொலிசிட்டர்தான் பாரிஸ்டரைத் தேடிக் கேஸைக் கொடுக்கிறார். பாரிஸ்டர்களில் மிகப் பலர் சுயதொழில்காரர்கள், மாதச் சம்பளம் கிடையாது. கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தில் இடம் பிடித்து, வாடகையையும் ஆள் செலவையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதற்குச் சேம்பர் என்று பெயர். பங்குதாரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஒரே அறையில் காபி குடித்த இரண்டு பேர், கோர்ட் ஆரம்பித்ததும் எதிரெதிர்ப் பக்கம் நின்று ஒருவரை ஒருவர் கிழிக்கலாம். அதில் யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்பது மரபு. வராமலா இருக்கும்?

பட்டுக்கு வருகிறேன். சாதாரண பாரிஸ்டர் போடும் அங்கி கம்பளி நூல் துணி. ராஜாவின் ஆலோசகர் என்ற பட்டம் கிடைத்தவர்களுக்கு மட்டும் பட்டு அங்கி. எலிசபெத் ராணி இருந்தவரை அவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் கியூ.சி., அதாவது குயின்ஸ் கவுன்சல். 2022 செப்டம்பர் 8ஆம் தேதி ராணி இறந்தார், அன்றே அத்தனை பேரும் கே.சி., அதாவது கிங்ஸ் கவுன்சல் ஆகிவிட்டார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல வேலை கிடைத்திருக்கும். பட்டம் பெற்றவர்கள் மொத்த பாரிஸ்டர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஜூனியர். தலை நரைத்து அறுபது வயதானாலும் ஜூனியர்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், அந்த ஊர்த் தொடர்கள் பாதி புரிந்துவிடும்.

முன்பு இந்தப் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று நீதித்துறையைக் கவனிக்கும் மந்திரியான லார்டு சான்சலர் தரப்பில் நீதிபதிகளிடமும் மூத்த வக்கீல்களிடமும் ரகசியமாக விசாரிப்பார்கள். ஆள் எப்படி, நம்மவர்தானா என்கிற மாதிரி. ஏகப்பட்ட விமர்சனம் வந்து, 2005க்குப் பிறகு சுயேச்சையான தேர்வுக் குழு வந்தது. இப்போது விண்ணப்பம், நேர்காணல், யார் யார் முன்னால் எந்த வழக்கை நடத்தினீர்கள் என்ற பட்டியல், அவர்களிடம் மதிப்பீடு, எல்லாம் உண்டு. 'சில்க்' தொடரின் முதல் பருவம் இந்த விண்ணப்பத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பி.பி.சி.யில் 2011இல் தொடங்கி 2014 வரை மூன்று பருவம் வந்தது. எழுதியவர் பீட்டர் மொஃபட், அவரே முன்னாள் பாரிஸ்டர். ஷூ லேன் சேம்பர் என்று ஒரு கற்பனைச் சேம்பர். அதில் மார்த்தா காஸ்டெல்லோ, கிளைவ் ரீடர் என்று இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பட்டு வேண்டும். மார்த்தாவாக நடித்த மேக்சின் பீக்கின் பேச்சில் வடக்கு இங்கிலாந்து வாடை அப்படியே இருக்கும். கிளைவ் பணக்காரப் பள்ளிக்கூட ஆள், சிரித்தே காரியம் சாதிப்பவர். மார்த்தாவுக்குக் கட்சிக்காரனை நம்பினால்தான் வாதம் வரும். கிளைவுக்கு நம்பவேண்டிய அவசியமே இல்லை, ஜெயித்தால் போதும்.

நம் சினிமா கோர்ட்டுக் காட்சியில் நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்? உண்மை வெளியே வர வேண்டும். கடைசி நிமிஷத்தில் கதவு திறந்து சாட்சி ஓடிவர வேண்டும். கூண்டில் நிற்கிறவர் பத்து நிமிஷம் பேசி ஜனங்களை அழவைக்க வேண்டும். இந்தத் தொடரில் அது இல்லை. பல கேஸில் நிஜமாகவே அந்த ஆள் செய்தானா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு, ஐயோ இவனையா வெளியே விட்டோம் என்று பாரிஸ்டருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அதே ஜெயம் விண்ணப்பத்தில் ஒரு நல்ல வரி. அந்த இடத்தில்தான் தொடர் பிடித்துக்கொள்கிறது. யார் குற்றவாளி என்கிற பதைப்பு போய், இந்தப் பெண் ஏறுவாளா, ஏறுவதற்கு எதைக் கீழே போடுவாள் என்கிற பதைப்பு வந்துவிடுகிறது. மார்த்தா கர்ப்பமாக இருக்கிறார், அதோடு ஓடுகிறார். கதை தெரிந்துவிடக்கூடாது என்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முதல் பருவத்தின் முடிவில் பட்டு மார்த்தாவுக்கு வருகிறது, கிளைவுக்கு வரவில்லை. குழந்தை தங்கவில்லை.

என் பேத்தி அழுதாள். நான் அப்போது வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில்லி லேம்ப். அந்தச் சேம்பரின் மூத்த கிளார்க், நடித்தவர் நீல் ஸ்டூக். அவரைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே கிளார்க் என்றால் கட்டுத் தூக்குகிறவர் மட்டும் இல்லை. சொலிசிட்டர் போன் செய்வது கிளார்க்குக்கு. எந்தக் கேஸ் யாருக்கு, எவ்வளவு ஃபீஸ், எந்த நாள், எல்லாம் அவர் கையில். பழைய நாளில் ஃபீஸைக் கினிக் கணக்கில் பேசினார்கள். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங், பவுண்டுக்கு 20தான். மிச்சமிருக்கும் அந்த ஒரு ஷில்லிங் கிளார்க்குக்கு என்று வழக்கம். பின்னால் அது சதவீதமானது. இன்றைக்கும் சில சேம்பர்களில் மூத்த கிளார்க்கின் வருமானம் அங்கிருக்கும் பல பாரிஸ்டர்களைவிட அதிகம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு எடுபிடிப் பையனாக வந்து சேர்ந்து, மேலே ஏறியவர்கள் பலர் அதில் உண்டு. வக்கீலைச் 'சார்', 'மிஸ்' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். ஆனால் அடுத்த மாதம் அந்தச் சார் சாப்பிடுவது பிரியாணியா பழைய சோறா என்பதை முடிவு செய்வது இவர்.

இதைப் புரியவைக்க அவர்களுடைய ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வாடகை வண்டி ஸ்டாண்ட் விதி. நம் ஆட்டோ ஸ்டாண்டில் முதலில் நிற்கிற வண்டிதான் சவாரி ஏற்ற வேண்டும் இல்லையா, அதேதான். தனக்குப் பழக்கமான துறை, நேரம் இருக்கிறது, தகுந்த ஃபீஸ் உண்டு என்றால், கேஸ் பிடிக்கவில்லை, ஆள் பிடிக்கவில்லை என்று பாரிஸ்டர் மறுக்கக்கூடாது. கேட்கப்படாமல் யாரும் போய்விடக்கூடாது என்பதற்கான அருமையான விதி. சரி. நேரம் இருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்கிற டைரி யார் கையில்? சொல்லுங்கள். பின்வரிசை வக்கீல்கள் இப்போது சிரிக்கவில்லை, கவனித்தீர்களா?

பில்லி நல்லவரா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. தன் ஆட்கள் மேல் உயிராக இருக்கிறார். அவர்களிடம் பொய்யும் சொல்கிறார். சொலிசிட்டருக்கு விருந்து வைக்கிறார், இருக்கிற கேஸைக் காட்டி வராத கேஸை வளைக்கிறார். சேம்பருக்குள்ளேயே அவரை வெளியேற்ற ஒரு கோஷ்டி வேலை செய்கிறது. படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், இந்தப் படிக்காத ஆள் நம்மை ஆட்டிவைக்கிறானே என்ற எரிச்சல். அந்த எரிச்சலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய வக்கீல், பெயர் வேண்டாம், மேல்கோர்ட்டில் ஜெயித்துவிட்டு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். ரெக்கார்ட் ரூமில் மூன்று நாள் தூசியில் உட்கார்ந்து அந்தப் பழைய தீர்ப்பு நகலைத் தேடி எடுத்தவனைத் தாண்டிக்கொண்டு போனார். போகட்டும், பழைய கதை.

மொஃபட் இதே வேலையை அதற்கு 11 வருடம் முன்னாலேயே செய்திருக்கிறார். 2000இல் சேனல் 4இல் 'நார்த் ஸ்கொயர்' என்று பத்து எபிசோடு. லீட்ஸ் நகரத்தில் நடக்கிற கதை. அதில் பில் டேவிஸ் நடித்த பீட்டர் மெக்லீஷ் என்ற கிளார்க்கைப் பார்க்க வேண்டும். இளம் பாரிஸ்டர்கள் அழகாக இருக்கிறார்கள், காதலிக்கிறார்கள், வாதாடுகிறார்கள். கயிறு முழுக்க மெக்லீஷ் கையில். பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிறவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. ஒரே பருவத்தோடு நிறுத்திவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். அதே மொஃபட் 2008இல் எழுதிய 'கிரிமினல் ஜஸ்டிஸ்' அமெரிக்காவுக்குப் போய் வேறு பெயரில் வந்தது, 2019இல் இந்தியில் பங்கஜ் திரிபாதி நடித்து வந்தது. உங்களில் பலர் இந்தியில் பார்த்திருப்பீர்கள். மூலம் அங்கே.

ஆசையே இல்லாத பாரிஸ்டரும் டிவியில் உண்டு. சொல்லாமல் போனால் அந்த ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ரம்போல். ஜான் மார்ட்டிமர் உருவாக்கியவர். மார்ட்டிமரே பட்டு எடுத்த பாரிஸ்டர், ஆனால் தன் கதாநாயகனுக்குக் கொடுக்கவில்லை. 1975இல் ஒரு தனி நாடகமாக வந்து, 1978இலிருந்து 1992 வரை தொடராக ஓடியது. லியோ மெக்கர்ன் என்ற நடிகர். தொந்தி, கறைபட்ட கழுத்துப் பட்டை, சுருட்டு, மலிவான ஒயின், வீட்டில் பயப்படவேண்டிய மனைவி. கிழவராகும்வரை ஜூனியர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி கட்சிக்காரனுக்குச் சொல்வதில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய சேம்பரில் கிளாட் எர்ஸ்கின்-பிரவுன் என்று ஒருவர் பட்டுக்காக ஏங்கி ஏங்கிச் சாகிறார், அந்தப் பட்டு முதலில் அவர் மனைவி பிலிடாவுக்குக் கிடைக்கிறது. அந்த வீட்டில் அன்று இரவு என்ன சமைத்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டாலும் பெண்களுக்கு அந்தப் பட்டு லேசில் கிடைக்கவில்லை. 1919இல் சட்டம் மாறிய பிறகுதான் அங்கே பெண்கள் வக்கீலாக முடிந்தது. 1922இல் ஐவி வில்லியம்ஸ் முதல் ஆள். இங்கிலாந்தில் முதல் இரண்டு பெண் கே.சி.க்கள் ஹெலினா நார்மன்டனும் லிவர்பூல்காரர் ரோஸ் ஹெய்ல்பிரனும், 1949இல். அப்போதும் ராஜா ஆட்சிதான், அதனால் கே.சி. ரோஸுக்கு அப்போது வயது 34. 1972இல் ஓல்டு பெய்லியில், அதாவது லண்டனின் மத்திய குற்றவியல் கோர்ட்டில், நீதிபதியாக உட்கார்ந்த முதல் பெண்ணும் அவர்தான். மார்த்தா ஓடுகிற ஓட்டத்துக்கு முன்னால் இவ்வளவு தூரம் வேறு பெண்கள் ஓடியிருக்கிறார்கள்.

நம் ஊரில் பாரிஸ்டர் என்றாலே ஒரு மயக்கம் இருந்தது. சீமைக்குப் போய்ப் படித்தவர், வாசலில் பித்தளைப் பலகையில் பார்-அட்-லா. அந்தப் படிப்பில் பாதி சாப்பாடுதான். லண்டனில் இன் எனப்படும் நான்கு சங்கங்கள் உண்டு, லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள். அந்த நாளில் அங்கே இத்தனை விருந்து சாப்பிட்டால்தான் தேர்ச்சி. காந்தி இன்னர் டெம்பிளில் 1888இல் சேர்ந்து 1891இல் பாரிஸ்டரானவர். இந்த விருந்து எப்படி ஒருவரை வக்கீலாக்கும் என்று அவருக்கே விளங்கவில்லை. சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் வ.வே.சு. ஐயர் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார், பாரிஸ்டர் ஆகாமலே மாறுவேஷத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அந்தக் கதையை யாராவது தொடராக எடுக்கலாம், நான் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்ப்பேன்.

இப்போது சில சின்ன விஷயங்கள், நான் பார்த்துப் பார்த்து ரசித்தவை. இங்கிலாந்து நீதிபதியிடம் மரச்சுத்தி கிடையாது. டொக் டொக் என்று தட்டுவது அமெரிக்கப் பழக்கம். "அப்ஜெக்ஷன் மை லார்ட்" என்று கத்துவதும் கிடையாது. எதிர்ப் பாரிஸ்டர் எழுந்து நிற்பார், அவ்வளவுதான். எழுந்தவரைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருப்பவர் உட்காருவார். சாட்சிக்குப் பக்கத்தில் நடந்துபோய் முகத்துக்கு நேராக விரலை நீட்டுவதும் இல்லை, தன் இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும். குற்ற வழக்கில் இன்றும் குதிரை மயிர் டோப்பா. தற்காப்புப் பக்கத்துக் கட்டுக்கு இளஞ்சிவப்பு நாடா, அரசுத் தரப்புக்கு வெள்ளை. புது பாரிஸ்டரின் அங்கிப் பை நீலம். பெரிய வக்கீலோடு ஒரு கேஸில் நன்றாக வேலை செய்தால் அவர் சிவப்புப் பை ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார். பையின் நிறத்தைப் பார்த்தே ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிடும். ஆசையைத் துணியாகத் தைத்துத் தோளில் மாட்டிவிடுகிற ஊர் அது.

பயிற்சிக் காலத்தையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரு வருடம், முதல் ஆறு மாதம் மூத்தவர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், கோர்ட்டில் சொந்தமாக வாய் திறக்க முடியாது. அடுத்த ஆறு மாதம் சின்னக் கேஸ்களில் நிற்கலாம். அது முடிந்து சேம்பரில் நிரந்தர இடம் கிடைத்தால் பிழைத்தோம். 2019இல் பி.பி.சி.யில் வந்த 'டிஃபெண்டிங் த கில்டி' என்ற நகைச்சுவைத் தொடரில் ஒரு இடத்துக்கு நான்கு பேர் மோதுகிறார்கள். சிரிக்கிறோம், ஆனால் நடுங்குகிறது.

ஏன் அந்த ஊரில் இப்படி ஒரு கோர்ட்டுத் தொடர் மரபு? என் அறிவுக்கு எட்டிய ஒரு காரணம் சொல்கிறேன். 1925இல் ஒரு சட்டம் போட்டு, கோர்ட்டுக்குள் படம் எடுப்பதைத் தடை செய்துவிட்டார்கள். வெகுகாலம் அது அசையவில்லை. பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கும் இங்கிலாந்தின் கிரவுன் கோர்ட்டில் நீதிபதி தண்டனை வாசிப்பதைக் கேமரா முதன்முதலில் ஒளிபரப்பியது 2022 ஜூலையில்தான். அதுவும் நீதிபதியை மட்டும். சாட்சியையோ ஜூரியையோ காட்டக்கூடாது. அப்படியானால் கிட்டத்தட்ட நூறு வருடம், சும்மா வீட்டிலிருக்கும் குடிமகன் குற்ற விசாரணை நடக்கும் கோர்ட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நேரில் போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வேண்டும், இல்லையென்றால் நாடகம் பார்க்க வேண்டும். 1972இலிருந்து 1984 வரை கிரனடா டிவியில் 'கிரவுன் கோர்ட்' என்று மதிய நேரத் தொடர் வந்தது. ஃபுல்செஸ்டர் என்ற இல்லாத ஊர். வக்கீல், ஜட்ஜ், சாட்சி எல்லாம் நடிகர்கள். ஜூரி மட்டும் வாக்காளர் பட்டியலிலிருந்து கூப்பிட்ட பொதுமக்கள், வாய் திறந்து பேசவேண்டிய ஜூரித் தலைவர் மட்டும் நடிகர். அவர்கள் உள்ளே போய்ப் பேசி நிஜமாகவே தீர்ப்பு முடிவு செய்வார்கள். என்ன வரும் என்று நடிகர்களுக்குத் தெரியாது. நம் ஊரில் ஜூரி போய் எத்தனையோ காலமாகிவிட்டது, அந்தச் சுகம் நமக்குத் தெரியாது.

காசு விஷயத்தை மட்டும் இந்தத் தொடர்கள் கொஞ்சம் பூசி மெழுகுகின்றன. மார்த்தா வீடு, கிளைவ் கோட்டு எல்லாம் அழகு. ஆனால் 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றவியல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டோப்பாவும் அங்கியுமாக ஓல்டு பெய்லி வாசலில் நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அரசு கொடுக்கும் சட்ட உதவிக் கட்டணத்தில் 25 சதவீத உயர்வு கேட்டார்கள். தொழிலுக்கு வந்த முதல் மூன்று வருடத்தில் ஒரு ஜூனியரின் செலவு போன வருமானம், வருமான வரிசையில் நடுவிலிருப்பவருக்கு, வருடத்துக்கு 12,200 பவுண்டு என்று அவர்கள் சங்கம் சொன்னது. லண்டனில் அதை வைத்துக்கொண்டு அறை வாடகை கொடுப்பதே கஷ்டம். அக்டோபரில் 15 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டு திரும்பினார்கள். வேலைநிறுத்தக் காட்சியை ஒரு கிளார்க்கின் பக்கத்திலிருந்து எழுதினால் எப்படி இருக்கும்! டைரி முழுக்கக் கேஸ், நிற்க ஆள் இல்லை, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது பருவத்தின் முடிவில் மார்த்தா என்ன செய்தார் என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி எனக்கும் பேத்திக்கும் இன்னும் சண்டை முடியவில்லை. போய்ப் பாருங்கள். பார்க்கும்போது வாதாடுகிறவரை மட்டும் பார்க்காதீர்கள், அவர் கையில் அந்தக் கட்டு எப்படி வந்தது என்றும் பாருங்கள்.

நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பூட்ட வேண்டுமாம். நானும் இப்போதுதான் கவனிக்கிறேன், குறிப்புக் கட்டை அவிழ்க்கவே இல்லை. என் சீனியர் சில நாள் இப்படித்தான், கட்டைத் தொடாமலே அரைமணி நேரம் பொழிந்து தள்ளுவார். கோர்ட்டே வாய்பிளந்து கேட்கும். பின்னால் நிற்கிற எனக்கு மட்டும் தெரியும், இன்றைக்குக் கேஸ் போச்சு என்று. வணக்கம்.